பதினெட்டடிப் படங்கு

பாலேஸ்வரியால் நடக்க முடியாது என்பதை நான் அறிந்துகொண்டது, அவளுடைய படங்கின் கீழ் ஒதுங்கி மூன்றாவது நாள்தான். அதுவரை அவளைக் கர்வம் பிடித்த பெண் என்றே நினைத்திருந்தேன். வான் வண்டியின் பக்கக் கதவைத் திறந்துவைத்து, உள்ளே படுக்கைப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, "அந்தக் கயிறைத் தளத்துங்கோ", "உந்தப் பிள்ளையை மேலை தொட விடாதேங்கோ" என்று எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தாள். தான் மட்டும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை அவளுடைய தகப்பன் தியாகலிங்கம் அவளைக் குழந்தையைப்போல் இரு கைகளிலும் ஏந்தி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, தென்னைகளுக்குப் பின்னால் கொண்டுபோனதைப் பார்த்தேன். பாவாடைக்குக் கீழே இரண்டு கால்களும் விறகுக் கொள்ளி போலத் தொங்கின. அன்றைக்கு நான் வெட்கப்பட்டேன்.

அது 1995ஆம் ஆண்டு. ஐப்பசிக் கடைசியில் வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே தெருவால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. நான் நீர்வேலிப் பக்கத்தில் தபால் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தவன். நானும் மனைவியும் ஒரு சைக்கிளில் கொழுவிய இரண்டு பைகளோடு நடந்துபோய், மீசாலையில் கண்டி வீதியோரம் ஒரு தென்னங்காணிக்குள் மழைக்கு ஒதுங்கினோம். அங்கே ஒரு வெள்ளை வான் நின்றது. அதன் பக்கவாட்டில் இழுத்துக் கட்டிய ஒரு லொறிப் படங்கின், அதாவது சாமான் மூடும் தடித்த சீலையின், கீழ் முப்பத்துநான்கு பேர் பதினொரு நாள் இருந்தோம். அதற்கு முந்திய கதையைப் பாலேஸ்வரி எனக்குப் பிறகுதான் சொன்னாள். அவள் சொன்னதையும் நான் கண்டதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

அவள் பிறந்து வளர்ந்தது புத்தூரில். மூன்று வயதில் வந்த காய்ச்சலோடு கால்கள் போய்விட்டன. தாய் பூரணம் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டே எட்டாம் வகுப்புவரை பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டாள். பிறகு இடுப்பு தாங்கவில்லை. வீட்டில் கையால் சுழற்றும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. பாலேஸ்வரி அதில் ஊரின் பாதிச் சட்டைகளைத் தைத்தாள். கைகளாலேயே தரையில் நகர்ந்து திரிந்ததால் அவளுடைய தோள்கள் தோட்டவேலை செய்கிற ஆம்பிளையின் தோள்கள்போல இருந்தன.

தியாகலிங்கம் பருத்தித்துறையில் பஸ் சாரதி. ஊரிலே இராசநாயகம் என்றொரு இன்ஜினியர் இருந்தார். இங்கிலாந்தில் இருபது வருடம் இருந்துவிட்டு எண்பத்தொன்றில் திரும்பியவர். வரும்போது கப்பலில் ஒரு வானையும் கொண்டுவந்தார். அதைக் கொழும்பிலிருந்து ஓட்டி வந்தது தியாகலிங்கம்தான். அந்த வானின் கூரையை உள்ளேயிருந்து தள்ளினால் அது எழும்பி நிற்கும். நான்கு பக்கமும் சீலைச் சுவர் விரியும். கீழே ஒரு படுக்கை, மேலே ஒரு படுக்கை. வெளிப்பக்கத்தில் கொழுவ, செம்மஞ்சள் கோடுபோட்ட சீலைப் பந்தல் ஒன்றும் அதோடு வந்திருந்தது. வெள்ளைக்காரர் அதைக் கடற்கரையில் விரித்து, அதன்கீழ் கதிரை போட்டுத் தேநீர் குடிப்பார்களாம்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இன்ஜினியர் லண்டனுக்கே திரும்பிவிட்டார். போகும்போது வானின் திறப்பைத் தியாகலிங்கத்தின் கையில் வைத்து, "நீ வைச்சிரு. உன்ரை பிள்ளைக்கு உதவும்" என்றார். உதவியது உண்மை. அதுவரை வீட்டையும் கோயிலையும் தவிர வேறொன்றும் பார்க்காதவள், வானின் கீழ்ப்படுக்கையில் படுத்தபடி கீரிமலையையும் பருத்தித்துறைக் கடலையும் பார்த்தாள். செம்மஞ்சள் பந்தலோ எங்கள் வெயிலுக்கு இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. ஒருநாள் உதறியபோது கடதாசிபோலக் கிழிந்தது. பந்தல் இல்லாமல் என்ன குறை என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

குறை எண்பத்தேழு ஐப்பசியில் தெரிந்தது. இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கி, ஊர் முழுவதும் கோயில் வீதியில் போய்க் கிடந்தது. தியாகலிங்கம் வானைக் கோயில் மதிலோரம் நிறுத்தினார். மழை. பாலேஸ்வரி கீழ்ப்படுக்கையில், மேல்படுக்கையில் பிள்ளை பெற்று ஒன்பது நாளான ஒரு பெண். பூரணம் தன் இடத்தைத்தான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருந்தாள். தான் வானின் அடியோடு ஒட்டி, வெளியே பாய் போட்டுப் படுத்தாள். கூரையில் விழுந்த தண்ணீர் முழுவதும் பீலியால் வழிந்து அவள்மேலேயே ஊற்றியது.

"அம்மா, உள்ளுக்கை வாங்கோ. என்ரை காலடியிலை இருங்கோ."

"எனக்கு ஒண்டுமில்லை. நீ காலை நீட்டிப் படு" என்றாள் பூரணம்.

ஆறாம் நாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல். மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியிருக்கவில்லை. எட்டாம் நாள் கோயில் வீதியிலேயே முடிந்துபோனாள். கையெட்டும் தூரத்தில் தாய் நனைந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு எட்டு நாள் காய்ந்த இடத்தில் படுத்திருந்ததைப் பாலேஸ்வரி எனக்குச் சொன்னபோது அழவில்லை. "நாலு முழச் சீலை இருந்திருந்தால் காணும், அண்ணை" என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு தகப்பனுக்கும் மகளுக்கும் பந்தல் ஒரு பிடிவாதமாகிவிட்டது. முதலில் உரப்பைகளை வெட்டித் தைத்தாள். பூவரசந் தடிகளில் தட்டையாக இழுத்துக் கட்டினார்கள். முதல் மழைக்கே நடுவில் குளம்போலத் தண்ணீர் தேங்கி, தடி முறிந்து எல்லாம் விழுந்தது. ஒருபக்கம் சரிவாகக் கட்ட வேண்டும், ஒரு மூலையை மற்றதைவிடத் தாழ்த்த வேண்டும் என்பது அன்றைக்கு விளங்கியது. அடுத்து பொலித்தீன் விரித்தார்கள். அதன்கீழ் மத்தியானத்தில் இருக்க முடியவில்லை. அடுப்புக்குள் இருப்பதுபோல வெந்தது. கயிறு கட்டிய இடத்திலிருந்து காற்றுக்கு நீளமாகக் கிழிந்தும் போனது. பிறகு தியாகலிங்கம் கொழும்புத்துறைக்குப் போய் ஒரு பழைய பாய்ச்சீலைத் துண்டைக் கொண்டுவந்தார். பாலேஸ்வரி அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"நல்ல சீலை, ஐயா. பாரமில்லை. ஆனால் வெள்ளை."

"வெள்ளையெண்டால் என்ன?"

"மேலையிருந்து பாக்கிறவனுக்கு எங்கடை வீட்டு முத்தம் மட்டும்தான் தெரியும்."

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் மறுபடி சண்டை தொடங்கியிருந்தது. வீட்டுக்கு மேலே விமானங்கள் வரத் தொடங்கிய காலம். பாதையும் மூடிவிட்டது. ஊரில் புகையிலை ஏற்றித் தென்பகுதிக்கு ஓடிய லொறிகள் சும்மா நின்றன. லொறி நின்றால் அதன் படங்குகளும் சும்மாதானே கிடக்கும் என்று யோசித்தது பாலேஸ்வரிதான். லொறிக்காரர் நமசிவாயத்தின் வீட்டுக்கு அவளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தியாகலிங்கம் கொண்டுபோனார். நமசிவாயம் மூன்று படங்குகளை முற்றத்தில் விரித்தார்.

"எடுத்துக்கொண்டு போ, தியாகு. பிள்ளைக்கு உதிலை என்ன தெரியப்போகுது?"

"தைக்கிறவளுக்குத் தெரியும்" என்றாள் பாலேஸ்வரி.

ஒவ்வொரு படங்கையும் நாலு மூலையில் கதிரைகளுக்கு மேல் கட்டிக் குழிவாகத் தொங்கவிடச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னாள். தேநீர் குடித்து முடியும்வரை அப்படியே விடச் சொன்னாள். பிறகு தரையில் இறங்கி ஒவ்வொன்றின் அடியிலும் நகர்ந்துபோய் அண்ணாந்து பார்த்தாள். முதலாவது, இருபத்துநாலு அடி. தையல் ஓடிய வழி முழுவதும் துளி கோத்து நின்றது. இரண்டாவதில் தார் பூசிய ஒட்டு. மடித்த இடத்தில் தார் வெடித்திருந்தது. மூன்றாவது பதினெட்டுக்குப் பன்னிரண்டு. பச்சை நரைத்துப்போயிருந்தது. ஆனால் ஓரம் முழுவதும் கயிறு வைத்து மடித்துத் தைத்து, கட்டுக்கயிறு கோக்கப் பித்தளைக் கண்கள் அடித்திருந்தார்கள். அடியில் ஈரமே இல்லை. அவள் ஒரு விரலால் தொட்டாள். தொட்ட இடத்திலிருந்து மட்டும் ஒரு சொட்டு விழுந்தது.

"இதுதான். தொட்டால்தான் ஒழுகும்."

தியாகலிங்கத்துக்குப் பெரியதில்தான் கண். "தையலை நீ திருப்பித் தைக்கலாம் தானே, பிள்ளை. பெரிசெண்டால் நாலு சனம் வந்தாலும் இருக்கலாம்."

"நனைஞ்சால் உது ரெண்டு ஆளின்ரை பாரம், ஐயா. கட்டிறது நீங்கள் ஒரு ஆள்."

நமசிவாயம் படங்குக்குப் பதிலாகக் கேட்டது இரண்டு ரயர். அவருடைய மாட்டுவண்டிச் சக்கரங்களுக்குத் தேவைப்பட்டது. வானோடு கப்பலில் வந்த மேலதிக ரயர்கள் இரண்டுதான் தியாகலிங்கத்திடம் இருந்தன. அவர் சாரதி, மாற்று ரயர் இல்லாத வாகனத்தை அவருடைய மனம் ஏற்கவில்லை. ஒன்றைத் தரலாம் என்று பேரம் பேசிப் பார்த்தார். நமசிவாயம் அசையவில்லை.

"குடுங்கோ ஐயா" என்றாள் பாலேஸ்வரி. "வான் ஓடப்போறது எப்பவோ ஒருநாள். மழை வருசா வருசம் வரும்."

ரயர்கள் போயின. படங்கு வந்தது. பச்சை நிறம் மேலேயிருந்து பார்ப்பவனுக்கு ஏதோ சண்டைக்காரர் வாகனம்போலத் தோன்றும் என்று நமசிவாயம் பயம்காட்டியிருந்தார். அதனால் புத்தூர்ச் செம்மண்ணைக் கஞ்சித் தண்ணீரில் கரைத்து, மூன்று நாள் பூசிக் காயவிட்டாள். வானின் கூரைக்கும் அதையே பூசினார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் உழுத தோட்டத் துண்டுபோல இருந்ததாம். வானின் பீலியோரம் கொளுக்கிகள் அடித்துப் படங்கின் ஒரு கரையை அதில் மாட்டினார்கள். மறுகரையைக் கமுகந் தடிகள் தாங்கின. எங்கள் பக்கக் கல்நிலத்தில் முளை இறங்காது. அதனால் கயிறுகளைப் பெரிய கற்களில் கட்டினார்கள். ஐந்து வருடம் அவள் அதன்கீழ்தான் மெஷினை வைத்துத் தைத்தாள். தகப்பன் கிழமைக்கு ஒருதடவை மண்ணெண்ணெயில் வானை இயக்கிப் பார்த்து நிறுத்துவார். விமானம் வந்தால் மகளைத் தூக்கிக்கொண்டு பங்கர் குழிக்குள் இறங்குவார். அவருக்கும் வயது போய்க்கொண்டிருந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசி நடுப்பகுதியில் அவர்கள் புத்தூரை விட்டார்கள். முதலில் கொக்குவிலில் ஒரு வளவுக்குள் நின்றார்கள். ஐப்பசிக் கடைசியில் எல்லாரும் வெளிக்கிட வேண்டும் என்ற அறிவித்தல் வந்தது. வானுக்குள் பாலேஸ்வரியோடு முன்பின் தெரியாத இரண்டு கிழவர்களும் ஒரு கர்ப்பிணியும் ஐந்து குழந்தைகளும் ஏறினார்கள். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க மட்டும் ஏழு மணித்தியாலம் எடுத்தது. நடக்கிறவர்களின் வேகத்தைவிட மெதுவாக வான் ஊர்ந்தது. மறுநாள் மத்தியானம், மீசாலையில், வலதுபக்கப் பின்ரயர் வெடித்தது.

தியாகலிங்கம் இறங்கிப்போய் அதைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்" என்று பாலேஸ்வரி என்னிடம் சொன்னாள்.

தெருவை மறித்து நிற்க முடியாது. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வெடித்த ரயரோடு வானைத் தென்னங்காணிக்குள் தள்ளினார்கள். தியாகலிங்கம் முன்னால் நின்று, ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி தோளைக் கொடுத்தார். தள்ளி முடிந்ததும் மண்ணில் உட்கார்ந்து கொஞ்சநேரம் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்து சேர்ந்தபோது அவர் எழும்பிப் படங்கைக் கட்டத் தொடங்கியிருந்தார். நானும், குருநகரிலிருந்து வந்த தேவராசா என்ற மீன்பிடிகாரரும் கைகொடுத்தோம். மீசாலை மணலில் முளை நிற்கவில்லை. இழுத்தவுடன் பிடுங்கிக்கொண்டு வந்தது.

"தென்னங்குற்றியைக் குறுக்காய் மணலுக்குள்ளை தாழுங்கோ" என்று வானுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அதுக்கு நடுவிலை கயிறைக் கட்டுங்கோ. மணல் அமத்திப் பிடிக்கும்."

அப்படியே செய்தோம். பதினொரு நாளும் ஒரு கயிறுகூட அசையவில்லை.

பதினெட்டுக்குப் பன்னிரண்டு அடியில் முப்பத்துநான்கு பேர் படுக்க முடியாது. முறைவைத்துப் படுத்தோம், மற்றவர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். தாழ்ந்த மூலையில் ஒரு பீப்பாய் வைத்தோம். மழை தொடங்கியதும் முதலில் வருகிற செம்மண் தண்ணீரை ஓடவிட்டு, தெளிந்த பிறகு பிடிக்க வேண்டும் என்பது பாலேஸ்வரியின் சட்டம். சுற்றிவரக் கிணறுகளில் வாளி போட வரிசையில் நின்று சனம் சண்டை பிடித்தபோது எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருந்தது. யார் முதலில் எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்பதையும் அவளே சொன்னாள். யாராவது குழந்தை கையை உயர்த்திப் படங்கைத் தொட்டால் கத்தினாள். தொட்ட இடத்தால் ஒழுகத் தொடங்கினால் பிறகு நிற்காது. அவளைப் பலருக்குப் பிடிக்கவில்லை.

நாலாம் நாள், பக்கத்தில் பனையோலைக்குக் கீழ் நனைந்துகொண்டிருந்த ஒருவர் கத்தியோடு வந்து படங்கின் மூலையைப் பிடித்தார். தன் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு வேண்டும் என்றார். தியாகலிங்கம் அவருக்கு முன்னால் போய் நின்றார். வானுக்குள்ளிருந்து பாலேஸ்வரி சொன்னாள்:

"அண்ணை, ஒரு மூலையை வெட்டினால் கயிறு இழுபடாது. கயிறு இழுபடாட்டி நடுவிலை தண்ணி தேங்கும். தேங்கினால் முழுக்க விழும். பிறகு உங்கடை பிள்ளையளுக்கும் இல்லை, இந்தப் பிள்ளையளுக்கும் இல்லை. உங்கடை பிள்ளையளைக் கொண்டுவந்து இதுக்குள்ளை விடுங்கோ. படங்கை வெட்ட விடமாட்டன்."

அவர் கத்தியை மடித்துக்கொண்டு போனார். பிள்ளைகள் இரண்டும் வந்தன. அதோடுதான் நாங்கள் முப்பத்துநான்கு பேரானோம்.

தேவராசாவின் மனைவி கத்தரீனா. இருபத்தைந்து இருபத்தாறு வயது. அவர்களுக்கு ஐந்து மாதக் குழந்தை ஒன்று, பெண் பிள்ளை. ஐந்தாம் நாள் அதற்கு வயிற்றோட்டம் தொடங்கியது. ஆறாம் நாள் காலை தேவராசா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பாதி வழியில் திரும்பி வந்தார். பிள்ளையைக் கத்தரீனாவின் மடியில் வைத்துவிட்டு, மண்வெட்டி இரவல் கேட்டார்.

பத்து மணிபோல இருக்கும், கத்தரீனா எழும்பி வானின் கதவடிக்குப் போனாள். மழை பெய்துகொண்டிருந்தது. நான் மூன்று முழத்துக்கு அப்பால் இருந்தேன்.

"அக்கா, படங்கிலை ரெண்டு முழம் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"இவர் மூண்டு இடத்திலை வெட்டிப் பாத்திட்டார். எல்லா இடமும் தண்ணி ஊறுது. பிள்ளையிலை தண்ணி படக்கூடாது, அக்கா. அதுக்குத்தான்."

பாலேஸ்வரி பக்கத்திலிருந்த பையை இழுத்தாள். "சீலை தாறன். புதுப் போர்வை ஒண்டு இருக்கு, அதைத் தாறன்."

"அது நனையுமக்கா."

"படங்கை வெட்ட ஏலாது, கத்தரீனா."

"ஓரத்திலை. ரெண்டு முழம் மட்டும்."

"ஏலாது."

கத்தரீனா கத்தவில்லை, கெஞ்சவுமில்லை. கொஞ்சநேரம் படங்கை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். யாரோ உடுப்புகளைக் கொட்டிவிட்டு ஒரு யூரியாப் பையை நீட்டினார்கள். "உரப்பைக்குள்ளை என்ரை பிள்ளையை வைக்கமாட்டன்" என்று அதைத் தள்ளிவிட்டாள். கடைசியில் தன்னுடைய வெள்ளைச் சேலையில் சுற்றினாள். தேவராசா ஒரு பால்மாத் தகரப் பேணியால் குழிக்குள்ளிருந்த தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருக்க, நாங்கள் பிள்ளையை இறக்கினோம். கத்தோலிக்கர் சிலர் செபம் சொன்னார்கள். மண் போடும்போது மறுபடியும் தண்ணீர் ஊறிவிட்டது.

அன்று முழுவதும் படங்கின் கீழ் யாரும் பாலேஸ்வரியோடு கதைக்கவில்லை. என் மனைவி அவளுக்குக் கஞ்சி கொடுக்கக்கூடப் போகவில்லை. தியாகலிங்கம்தான் கொடுத்தார். "நீ குடுத்திருக்கலாம், பிள்ளை" என்று அவர் மெதுவாகச் சொன்னதும், "குடுத்திருந்தால் பின்னேரத்துக்குள்ளை பத்துப்பேர் வந்திருப்பினம், ஐயா" என்று அவள் சொன்னதும் எனக்குக் கேட்டது. அது உண்மைதான். அன்றைக்கு அந்தத் தெருவோரத்தில் இறந்தது ஒரு பிள்ளை மட்டுமல்ல.

எட்டாம் நாள் காலை தியாகலிங்கம் ஒரு கயிற்றை இறுக்கிக்கொண்டு நின்றவர் அப்படியே குந்தினார். நெஞ்சு நோகுது என்றார். தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொண்டுபோவதற்குள் சரிந்துவிட்டார். பாலேஸ்வரி வானிலிருந்து தன்பாட்டில் கீழே விழுந்து, சேற்றில் கைகளால் நகர்ந்து அவரிடம் வந்தாள். அவருடைய தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். "ரயர் இருந்திருந்தால்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்களுக்கு அப்போது அது விளங்கவில்லை.

எரிக்க விறகில்லை, இருந்த விறகெல்லாம் ஈரம். புதைப்பது என்று முடிவானது. தேவராசாவே மண்வெட்டியை எடுத்தார். குழியில் மறுபடியும் தண்ணீர். ஆண்களில் ஒருவர் பாலேஸ்வரியிடம் வந்து கேட்டார்: "பிள்ளை, ஐயாவைப் படங்கிலை சுத்துவமோ? ஒரு கரையிலை வெட்டி எடுக்கலாம்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கத்தரீனாவும் பார்த்தாள்.

"வேண்டாம். போர்வையிலை சுத்துங்கோ" என்றாள்.

வெகுநாள் கழித்து இதைப்பற்றி நான் அவளிடம் கேட்டேன். "ஐயாவுக்கு வெட்டியிருந்தால் கத்தரீனாவின்ரை முகத்தைப் பாக்க ஏலாது, அண்ணை. வெட்டாமல் விட்டதாலை பாக்க ஏலுமாய் வந்ததெண்டும் நினையாதேங்கோ" என்றாள்.

அன்றைக்கு மத்தியானம்வரை அவள் வானின் கதவடியில் சேறு காய்ந்த உடுப்போடு இருந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை. குடித்தால் அவளைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. அது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியது கத்தரீனாவுக்கு. அவள் எழும்பி வந்தாள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு குனிந்தாள்.

"கையைக் கழுத்திலை போடுங்கோ."

பாலேஸ்வரியின் கைகள் கதவுப் படியைப் பிடித்தபடியே இருந்தன.

"போடுங்கோ அக்கா. எவ்வளவு நேரமெண்டு அடக்கிக்கொண்டிருப்பியள்?"

அவளைத் தூக்கிக்கொண்டு தென்னைகளுக்குப் பின்னால் போனாள். பிள்ளை இறந்து இரண்டு நாள். பால் கட்டிய மார்பில் அந்தப் பாரம் பட்டபோது கத்தரீனாவின் முகம் நோவில் சுருங்கியதைக் கண்டேன். அதற்குப் பிறகு தினமும் அவளே தூக்கினாள். இருவரும் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

பதினோராம் நாள் ஒரு உழவு இயந்திரம் வந்து எங்களில் சிலரை வரணிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனது. வானை விட்டுவிட வேண்டியிருந்தது. படங்கைக் கழற்றி மடித்து ஏற்றச் சொன்னாள் பாலேஸ்வரி. நனைந்த படங்கைத் தூக்க நானும் தேவராசாவும் பட்ட பாடு கொஞ்சமல்ல. பூஞ்சணம் பிடித்திருந்தது, ஒரு கண் பிய்ந்திருந்தது, மற்றபடி முழுசாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நானூறு பேர். வகுப்பறைக்குள் கூரை இருந்தது. மலசலகூடம் இரண்டே இரண்டு, அதுவும் நிறைந்துவிட்டது. ஆண்கள் வெளியே போனார்கள். பெண்கள் இருட்டும்வரை காத்திருந்தார்கள். பலர் சாப்பாட்டைக் குறைத்தார்கள். பாலேஸ்வரி மூன்று நாள் இதைப் பார்த்தாள். நாலாம் நாள் தன்னுடைய தையல் கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொன்னாள். படங்கை வகுப்பறை விறாந்தையில் விரிக்கச் சொன்னாள். மதிலோரம் நாலு குழி வெட்ட வேண்டும், குழிக்கொரு மறைப்பு வேண்டும் என்றாள்.

மறுகரையைப் பிடிக்க வந்தவள் கத்தரீனா. கரையைப் பிடித்தபடி நின்றாள்.

"இப்ப வெட்டலாமோ அக்கா?"

விறாந்தையில் நின்றவர்கள் கிட்ட வந்தார்கள்.

"ஓம்" என்றாள் பாலேஸ்வரி. "இப்ப வெட்டலாம்."

கத்தரீனா குனிந்து தன் கரையின் மடிப்பை நீவினாள். பிறகு சீலையை இறுக்கிப் பிடித்தாள். தளர்ந்திருந்தால் வெட்டு கோணும். கத்தரிக்கோல் அந்தத் தடித்த சீலையில் இலேசில் இறங்கவில்லை. பாலேஸ்வரியின் பெருவிரல் தோலுரிந்து இரத்தம் வந்தது. நாலு துண்டாக வெட்டி முடிக்க மத்தியானமாகிவிட்டது. மறைப்புக் கட்டிய அன்று பெண்கள் பகலில் வரிசையில் நின்றதைக் கண்டு என் மனைவி அழுதாள்.

மார்கழியில் தேவராசா குடும்பம் கிளாலிக் கடலேரியால் வன்னிக்குப் போக முடிவெடுத்தது. அங்கே கடலில் தொழில் செய்யலாம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். போகிற நாள் காலை கத்தரீனா வழக்கம்போலப் பாலேஸ்வரியைத் தூக்கிக்கொண்டு போய், குளிக்க வார்த்து, தலை துடைத்துக் கொண்டுவந்து விட்டாள். பிறகு அவளுக்கு முன்னால் குந்தினாள்.

"அக்கா, பிள்ளையைத் தாட்ட இடம் எனக்கு வடிவாய் ஞாபகமில்லை. அண்டைக்கு நான் ஒண்டையும் பாக்கேல்லை. இவரைக் கேட்டால் அழுறார்."

"எனக்குத் தெரியும்" என்றாள் பாலேஸ்வரி. வானின் கதவால் அவள் பார்த்துக்கொண்டே இருந்த இடம் அது. "தெருவிலையிருந்து காணிக்குள்ளை வர, வலப்பக்க வரிசையிலை ஏழாவது தென்னை. வளைஞ்சு போய் நிமிந்த மரம். அதிலையிருந்து வேலிப் பக்கமாய் ஆறு அடி. தலை கிழக்காலை இருக்கு. ஐயா அதே வரிசையிலை ஒன்பதாவது மரத்தடியிலை."

கத்தரீனா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். ஒருதரம் பிழைத்தது. பாலேஸ்வரி திருத்தினாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணை, ஒரு துண்டிலை எழுதிக் குடுங்கோ" என்றாள். நான் எழுதிக் கொடுத்தேன். கத்தரீனா அதை மடித்து, செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். போய்வருகிறேன் என்று சொன்னாளா இல்லையா என்பது எனக்கு ஞாபகமில்லை. தேவராசா கூப்பிட்டார், போய்விட்டாள்.

அன்றிலிருந்து பாலேஸ்வரியைத் தூக்குகிற வேலையை என் மனைவி ஏற்றாள். முதல் நாள் இரண்டு பேரும் சரிந்து விறாந்தையில் விழுந்தார்கள். "முதுகை வளைக்காதேங்கோ அக்கா, முழங்காலை மடிச்சு எழும்புங்கோ. நான் கழுத்தைப் பிடிக்கிறன்" என்று விழுந்து கிடந்தபடியே பாலேஸ்வரி சொல்லிக்கொடுத்தாள். இரண்டாம் முறை என் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டாள்.